ஊதா விளக்கின் சாட்சி

“கையை எடுங்கம்மா, பாக்கணும்ல,” என்றார் ஹார்ட்விக். மேசையில் கிடந்த சாம்பல் நிறக் கோட்டின் மேல் அழுத்தி வைத்திருந்த கையை ஹைகே மெல்ல எடுத்தாள். விரல்கள் நடுங்கின.

வாடிக்கையாளரின் கை நடுங்கினால் ஹார்ட்விக்குக்குப் பாம்பைக் கண்ட மாதிரி. ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரத்தில் இரண்டாம் உலக யுத்தகாலப் பழம்பொருள்களுக்கு அசல், போலி சொல்வது அவர் தொழில். போன வருஷம் இப்படித்தான் ஒரு கிழவி கண்ணைக் கசக்கிக்கொண்டு கொண்டுவந்த ராணுவ இரும்புத் தொப்பியை அசல் என்று சொல்லிவிட்டார். அது ஏதோ பட்டறையில் புதிதாக அடித்தது. பழம்பொருள் சந்தையில் சிரிக்காத ஆள் இல்லை. இன்னொரு தடவை சறுக்கினால் அவர் வாக்கை நாய்கூட மதிக்காது.

“எங்க கொள்ளுத்தாத்தாவோடது. ஹிட்லரோட எஸ்.எஸ். படையில அதிகாரி,” என்றான் ஹைகேயின் மகன் ரிக்கோ. இருபத்திரண்டு வயது, இந்தக் காலத்து ஹிட்லர் பக்தர்களைப் போல மழுங்க மழித்த தலை. ஸ்வஸ்திகா தெரியாதபடி சட்டத்துக்குப் பயந்து யாரோ ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சாமி படம் போலத் தடவினான்.

“விக்கப் போறியா தம்பி?”

“விக்கறதா? சனிக்கிழமை எங்க கூட்டத்துல இதைப் போட்டுக்கிட்டுத்தான் உறுதிமொழி எடுக்கப் போறேன். எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. அசல்தான்னு உங்க வாயால வந்துட்டா, பயலுக வாயை மூடுவானுங்க.”

விற்கவில்லை என்பவன்தான் அடுத்த வாரம் விற்பான் என்று நினைத்துக்கொண்டார் ஹார்ட்விக்.

கோட்டைப் புரட்டினார். தையல் சரி. பொத்தான்கள் சரி. உள்ளே குத்தியிருந்த முத்திரையின் மை மங்கியிருந்த விதமும் சரி. எல்லாமே சரியாக இருந்ததுதான் அவருக்குச் சரியாகப் படவில்லை. குனிந்து மோந்து பார்த்தார். எண்பது வருஷம் பரணில் கிடந்திருக்க வேண்டிய துணியில் பூச்சி உருண்டை வாசனைகூட இல்லை, லேசாக லாவண்டர்தான் மணத்தது. புதுத் துணி வாசனையை மறைக்க எதையோ தெளித்திருக்கிறார்கள்.

“விளக்கு வச்சுப் பாக்கலையாங்க?” என்றாள் ஹைகே. “விளக்கு பொய் சொல்லாதுன்னு பேப்பர்ல சொல்லியிருந்தீங்களே.”

ஹார்ட்விக் நிமிர்ந்து பார்த்தார். திருடன் தானே போலீஸைக் கூப்பிடுவானா? தன்மேல் சந்தேகம் வராமலிருக்கக் கேட்கிறாள், இந்த அம்மாள் சாதாரண ஆள் இல்லை.

திரையை இழுத்து மூடிவிட்டு ஊதா விளக்கைப் போட்டார். அந்தக் காலத்து நூல் இந்த வெளிச்சத்தில் கறுப்பாகக் கிடக்கும், பிற்காலத்து நூல்தான் ஒளிரும். கோட்டின் தையல், உள்பக்கத்து லைனிங் துணி, எல்லாம் நீலமாகப் பளபளத்தன.

“போலி,” என்றார். “நாடகக்காரங்களுக்குத் தைச்சதா இருக்கும்.”

ரிக்கோவின் முகம் செத்துப்போனது. “அப்ப கொள்ளுத்தாத்தா கதையெல்லாம்?”

“கதையைப் பத்தி எனக்குத் தெரியாது தம்பி. இது வேஷம் கட்டுற கோட்டு.”

“இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க போறது? தெருத்தெருவா சிரிப்பானுங்க.” அம்மாவின் பக்கம் திரும்பினான். “குப்பையில போட்டுட்டு வா.” கதவை அறைந்துவிட்டுக் காரை நோக்கிப் போனான்.

ஹார்ட்விக்குக்கு மூச்சு சீரானது. இந்தத் தடவை தப்பித்தாயிற்று. “வருத்தப்படாதீங்கம்மா. உங்க குடும்பத்தை எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான்.”

ஹைகே கோட்டை மடிக்கக் கையை நீட்டினாள். அவள் சட்டைக் கையிலிருந்து அதே லாவண்டர் வாசனை வந்தது.

அவர் தொழிலில் பழந்துணியை எவனும் துவைக்க மாட்டான், துவைத்தால் மதிப்பு பாதிக்குப் பாதி போய்விடும். அதனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

“துவைச்சீங்களா?”

“ரெண்டு நாள் தொட்டியில ஊற வச்சேன்,” என்றாள் குரலைத் தாழ்த்தி. “டிஸ்கோ விளக்குல அவன் வெள்ளைச் சட்டை நீலமா மின்னும். எல்லாம் நான் போடற சோப்புத்தூள்தான். இதுவும் மின்னும்னு நெனச்சேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு இருக்கறது ஒரே ஒரு பிள்ளை. அவன் அந்தக் கூட்டத்துல போய்ச் சேர்ந்துடக் கூடாதுங்க.”

ஹார்ட்விக் கோட்டையே பார்த்தார். அசல். அவர் கைக்கு இத்தனை வருஷத்தில் வந்ததிலேயே நல்ல அசல். தவறிப்போய்த் தப்பாகச் சொன்னதுண்டு, தெரிந்தே பொய் சொன்னதில்லை. அவனைக் கூப்பிட்டால் போதும், அவர் வாக்கு பிழைத்துக்கொள்ளும்.

கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை. கதவு மறுபடி திறந்தது. கண் சிவக்க நின்றான் ரிக்கோ.

“ஐயா, நல்லாப் பாத்தீங்களா? நிச்சயமாப் போலிதானா?”

ஹைகேயின் கை மறுபடி கோட்டின் மேல் அழுந்தியது. மறுபடி நடுங்கியது.

ஹார்ட்விக் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“விளக்கு பொய் சொல்லாது தம்பி.”