தகட்டுக்கு இந்தப் பக்கம்

வெனிஸில் வெள்ள அபாயச் சங்கு ஊதுகிறது. ஓர்னெல்லாவின் மதுக்கடையில் எல்லோரும் கோப்பையை வாயருகே நிறுத்திக் காது கொடுக்கிறார்கள். சங்கொலி எவ்வளவு மேலேறுகிறதோ அவ்வளவு உயரம் கடல் தெருவுக்குள் வரும். ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது. ஓர்னெல்லா வாசலின் குறுக்கே இரும்புத் தகட்டைச் செருகி, முழங்காலால் இடித்து இறுக்குகிறாள். "பின்னறையில இருக்கிற உங்கப்பாவை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிரட்டுமாக்கா?" என்கிறான் படகோட்டி அல்வீசே. "இடுப்பு ஒடிஞ்ச மனுஷன் இப்பத்தான் கண்ணசந்திருக்கார். நீ வாயை மூடிக்கிட்டுக் குடி. இதைத் தாண்டி ஒரு சொட்டு வராது." வெளியே சாம்பல் வெளிச்சத்தில் பச்சைத் தண்ணீர் சத்தமில்லாமல் படிக்கல்லை நக்குகிறது. காலிப் பழப்பெட்டி ஒன்று மிதந்து வந்து தகட்டை மெல்லத் தட்டுகிறது. அவள் அதையே பார்த்து நிற்கிறாள். பின்னறைத் தரையின் சாக்கடைத் துளை 'களக்' என்கிறது. பிறகு, தூக்கக் கலக்கத்தில் அப்பாவின் குரல்: "ஓர்னெல்லா, என் செருப்பு தானா நகருதும்மா."