எந்தத் தோள்

கண்ணாடி மேசைமேல் இரண்டு கட்டைகளையும் எடுத்து வைத்தார் துப்பாக்கிக் கடைக்காரர் பெர்னாட்.

தோளில் அணைத்துப் பிடிக்கும் பின்கட்டைகள். ஒன்று பழைய பாணி. கழுத்து வளையாமல் நேராக ஓடியது. மற்றது பிஸ்டல் கிரிப். விசைக்குப் பின்னால் கைப்பிடி போலக் கீழே இறங்கியிருந்தது. உள்ளங்கை பதிவதற்காகப் பக்கவாட்டில் ஒரு மேடு.

அப்பாவோடு கடைக்கு வந்திருந்தவளின் துப்பாக்கிக் கட்டை போன வாரப் பயிற்சியில் விரிசல் விட்டுவிட்டது. தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிக்குள் மாற்றியாக வேண்டும்.

"இதையே மாட்டிருங்க" என்றார் அப்பா குழந்தைவேலு. அவர் கை பிஸ்டல் கிரிப்பின் மேல் இருந்தது.

அது அண்ணன் நவநீதனுடையது.

ஒரே நாளில் வாங்கிய துப்பாக்கிகள், ஒரே கம்பெனி. அண்ணனுக்கு மட்டும் இத்தாலியிலிருந்து தனியாகக் கட்டை வந்தது. அவளுக்குப் பெட்டியில் இருந்ததே போதும் என்றார்கள். அதை வைத்துத்தான் மாநில அளவில் வெள்ளி வாங்கினாள். நவநீதன் எதிலும் தேறாமல், துப்பாக்கியை இதே கடையில் ஒப்படைத்துவிட்டு மெல்போர்ன் போய்விட்டான்.

தனக்கு நேர்க்கட்டையே போதும் என்றாள்.

அப்பா பெர்னாட்டிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். நல்ல வால்நட் மரம், சும்மா கிடந்து வீணாகிறது என்றார். அவனுக்குத்தான் ராசியில்லை, இவள் கையிலாவது பேர் வாங்கட்டும் என்றார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

மறுபடியும் சொன்னாள். இந்த முறை கொஞ்சம் உரக்க.

"உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் அவர், அவளைப் பார்க்காமலே.

பெர்னாட் சங்கடப்பட்டார். பிஸ்டல் கிரிப்பைத் துப்பாக்கியில் பொருத்தினார். ஒரு தடவை தூக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவளிடம் நீட்டினார்.

வாங்கினாள். சுவரை நோக்கித் தூக்கினாள். இடது தோளில் அணைத்தாள். இடது கன்னத்தை வைத்தாள்.

உள்ளங்கையில் நிறைய வேண்டிய மேடு விரல்களை நெம்பியது. வலது தோளுக்கென்று வளைத்த கட்டை கன்ன எலும்பில் இடித்தது.

"ஏன் அம்மிணி, பீச்சாங்கைப் பக்கம் புடிக்கற?" என்றார் அப்பா.



பெர்னாட் குனிந்து, சுத்தமாகவே இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேரையும் மைதானத்துக்குக் காரில் கூட்டிப்போனவர் அப்பாதான். அண்ணன் சுடும்போது பின்னால் நிற்பார். பறக்கும் மண் தட்டு உடைந்தால் கை தட்டுவார். அவள் முறை வரும்போது அவருக்கு ஒரு போன் வரும். இல்லையென்றால் டீ குடிக்கப் போயிருப்பார்.

அவளுடைய வெள்ளிப் பதக்கத்தைக் கூடத்தில் ஆணியடித்து மாட்டியதும் அவர்தான். வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டுவார்.

கத்த வேண்டும் போலிருந்தது. மேசையின் கண்ணாடியை உடைக்க வேண்டும் போலிருந்தது.

துப்பாக்கியை இறக்கினாள்.

"நான் எப்பவுமே இந்தப் பக்கந்தாம்ப்பா."

நேர்க்கட்டையை எடுத்துப் பெர்னாட் முன்னால் வைத்தாள். அது எந்தத் தோளுக்கும் பொருந்தும்.

அப்பா வெளியே போனார். காரருகே நின்றார். கதவைத் திறந்தார், உட்காரவில்லை, மூடினார். கட்டையை மாட்டி முடிக்கும்வரை வெயிலிலேயே நின்றார்.

உள்ளே வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"போட்டி எங்க அம்மிணி? இந்தத் தடவ நானும் வர்றேன். கடைசி வரைக்கும் இருந்து பாக்கறேன்."

தனக்கு மட்டும் ரயில் டிக்கெட்டை அவள் தன் சம்பளத்தில் ஏற்கெனவே எடுத்துவிட்டாள்.

துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

ஜெய்ப்பூர் என்றாள்.

தேதியைச் சொல்லவில்லை.