இருட்டாக இருக்கவேண்டிய துண்டு

காலை ஒன்பதேகாலுக்கு அவளும் அதே ஆய்வகத்தில் வேலைபார்க்கும் கொழுந்தனும் கன்ஃபோகல் நுண்ணோக்கி அறையின் விளக்கை அணைத்தார்கள். உயிருள்ள செல்லில் மட்டும் மினுங்கும் புதுச் சாயத்தைச் சரிபார்க்க, இருட்டாகவே இருக்கும் செத்த திசு ஒன்று வேண்டும். அவள் கணவன் ஆய்வுக்கு எழுதிவைத்துவிட்டுப் போன மூளையில் ஒரு சீவலை வைத்தாள். ஃபார்மலினில் ஊறி ஒரு வருஷமாகியிருந்தது.

“அண்ணன் இருந்தப்பவே அங்க பல்பு எரியாது,” என்றான் கொழுந்தன். அவளும் சிரித்துவிட்டாள்.

லேசர் அடுக்கடுக்காகக் கீழே இறங்கிப் படமெடுத்தது. ஆறாவது அடுக்கில் ஒரு செல் மினுங்கியது. பிறகு பக்கத்துச் செல், பிறகு திரை முழுக்க.

வேறொரு செத்த திசுவை மாற்றிவைத்தார்கள். இருட்டு. பழையதையே திரும்ப வைத்தார்கள். மினுங்கியது.

கொழுந்தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அண்ணி, வென்டிலேட்டரை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்களே, அப்ப அண்ணன் போயிட்டார்தானே?”