எதிர் மூலையில் ஆர்டித்

"ஒரே ஒரு ஆள்தான் குறையுது, ஆர்டித்! நீ இந்தப் பக்கம் நாலு அடி எடுத்து வெச்சா நம்ம ட்ராய் பிழைச்சான்!"

ஜீனெட் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தின் குறுக்கே ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். ஆர்டித் அசையவில்லை.

வெளியே அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஜனவரிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஊரே மூலைக்கு மூலை பிரிந்து நின்றது. கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று முதலில் வாய் திறக்கும் மாநிலம். இங்கே ஓட்டுச் சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. பிடித்தவரின் பெயர் ஒட்டிய மூலையில், எல்லோரும் பார்க்கப் போய் நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேராவது தேறாத மூலையைக் கலைத்துவிடுவார்கள்.

வேட்பாளர்களில் ஒருவனான ட்ராயின் மூலையில் ஒரு தலை குறைந்தது. அதுவும் அவன் பிறந்து வளர்ந்த ஊரில்! விடிந்தால் நாடே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

"நீ நிக்கிற எஸ்தர் பெல் மூலையிலதான் ஆள் வழியுதே. நீ ஒருத்தி வந்துட்டா அந்தம்மா குடியா முழுகிடும்?"

"நம்ம கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு பேசினது அந்தம்மா ஒருத்திதான். உங்க ட்ராய் அதைப் பத்தி மூச்சு விட்டானா?"

"உங்க ட்ராயாம்ல! உனக்கே இது நல்லாயிருக்கா? உன் புருஷன் டுவேன்கூட எங்க மூலையிலதான் நிக்கிறாரு!"

"அது அவர் கால். இது என் கால்."

"எலுமிச்சைக் கேக் கொண்டாந்திருக்கேன். வந்தா முழுசும் உனக்குத்தான்."

"வராட்டியும் சாப்பிடத்தான் போறேன்."

வாய்தான் அப்படிப் பேசியது. ஆர்டித்தின் கண் ட்ராயின் மூலைக்கே போய்ப் போய் வந்தது. ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்தக் கூடத்தில் நிற்கிறாள். ஒரு தடவையாவது தெரிந்த முகத்துக்காக மூலை மாறியதுண்டா? இன்றைக்கு மட்டும் எப்படி மாறுவது?

கூட்டத் தலைவர் விசில் ஊதினார். நேரம் முடிந்தது. ட்ராயின் மூலை கலைந்தது.

"கல்நெஞ்சுக்காரி!" ஜீனெட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பார்த்து அவள் போன் அடித்தது. ட்ராயேதான்! எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். "ஒரே ஒரு ஆளால போச்சு, ட்ராய். யாருன்னு கேளு!"

ஆர்டித் போனைப் பிடுங்கினாள். "நான்தான்டா. திட்டணும்னா திட்டிக்கோ."

 அந்தப் பக்கம் வெடிச்சிரிப்பு.

"திட்டுறதா? இப்பதான் டிவிக்காரங்ககிட்ட பெருமையடிச்சுட்டு வர்றேன், எங்க ஊர்ல எவனும் முகத்துக்காக நிக்க மாட்டான்னு. தண்ணியைப் பத்திப் பேசாதது என் தப்புதான். நாளைக்கே பேசறேன்."

கூடமே கை தட்டியது. ஜீனெட்கூட. ஆர்டித்துக்குப் பெருமை தாங்கவில்லை, கண் நிறைந்துவிட்டது.

"பேசு, பேசு. அடுத்த மாநிலத்துல ஜெயிச்சுட்டு வா. பனியில குல்லா இல்லாம அலையாதே. இந்தா, உங்கப்பா உன் மூலையிலதான் நின்னாரு, அவர்கிட்ட பேசு" என்று போனை டுவேனிடம் நீட்டினாள், ட்ராயைப் பெற்றவள்.