கத்தரிப்பூ நிறக் கேப்டன்

"உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையாடி?" கைபேசியில் இருந்த படத்தைத் துணிமேல் வைத்துக் காட்டினாள் தோழி குன்வோர். "டிவி தொடர்ல கேப்டனோட கோட்டு நீலம். நீ எடுத்திருக்கறது கத்தரிப்பூ!"

துணியைக் கடை ஜன்னலின் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள் மாரித். "இன்னும் கொஞ்சம் சிவப்பு ஓடணும்."

"போச்சு! பெர்கன் ரசிகர் கூட்டத்துல எல்லாரும் கேப்டன் வேஷத்துல வருவாங்க, பொத்தான் நிறம் மாறினாலே கிழிச்சுத் தொங்கவிடுவாங்க. உன் தம்பி வேற வர்றான்னு சொன்னே."

அதற்காகத்தான் அவளும் போகிறாள். அப்பா போனபின் அவருடைய மலைக்குடில் யாருக்கு என்று வந்த சண்டை. வருடக்கணக்காகத் தம்பி ஐவிண்ட் அவளிடம் பேசுவதில்லை. அந்தக் குடிலில், மழைநாட்களில் ஒரே கம்பளிக்குள் ஒடுங்கி இருவரும் பார்த்த தொடர் இது. அவனிடம் தானாகப் போய்ப் பேச மாரித்துக்குத் தைரியம் இல்லை. கூட்டத்தில் அவன் தன்னைக் கண்டுபிடித்து வந்தால் போதும்.

சனிக்கிழமை மண்டபம் முழுக்க நீலக் கேப்டன்கள். "கலர் தப்பும்மா," என்று போகிறவர்கள் சிரித்தார்கள். கழற்றிவிடலாமா என்று நினைத்தபடியே அவள் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

அப்போது வாசலில் இன்னொரு கத்தரிப்பூக் கோட்டு நுழைந்தது. அவளைக் கண்டு தயங்கியது. பிறகு நேரே அவளிடம் வந்தது.

"குடில்ல இருந்த ஓட்டை டிவியில நீலக் கேப்டன் இந்த நிறத்துலதான் வருவார்னு இவங்களுக்கு எங்க தெரியும்க்கா?" என்றான் ஐவிண்ட்.

மாரித் அவன் கோட்டுக் கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"உன்னுதுல சிவப்பு கொஞ்சம் கம்மிடா."