ஆறிய விரல்

மாடி வீட்டுக்காரரின் விரலில் போட்டிருந்த கட்டை அவிழ்த்துப் பார்த்தார் டாக்டர். சீழ் வற்றி, வீக்கமும் வடிந்திருந்தது. கணவர் வெளியே போன பிறகும் மனைவி நாற்காலியை விட்டு எழவில்லை.

"இன்னும் ஒரு வாரத்துக்கு மாத்திரை குடுங்க டாக்டர்."

"புண்ணு ஆறிடுச்சும்மா. குடுத்த அஞ்சு நாள் மாத்திரையே போதும். தேவையில்லாம ஆன்டிபயாடிக் சாப்பிட்டா, நாளைக்கு நிஜமாவே தேவைப்படறப்ப கேக்காது."

"அப்ப கட்டும் வேண்டாமா?"

"எதுக்கு? விரலைத் தாராளமா அசைக்கலாம்."

அவள் முகம் தொங்கிப்போனது. "புண்ணு வந்ததாலதான் இத்தனை நாளா வயலினைத் தொடாம இருக்கார். இப்பதான் கத்துக்கறார் டாக்டர். இன்னிக்கு சாயங்காலமே எடுத்துடுவார்."

சில நாட்களாகத் தன் வீட்டில் ஏன் இத்தனை நிம்மதி என்று, கீழ் வீட்டில் குடியிருக்கும் டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாத்திரை ஒண்ணுகூடக் கிடையாது," என்றபடி பஞ்சை எடுத்தார். "கட்டு மட்டும் ஒரு மாசம் இருக்கட்டும். அவரைக் கூப்பிடுங்க."