புல்லட்டுக்கு மூச்சு வாங்குகிறது

"இது சீக்கு இல்ல தங்கச்சி, ஏக்கம். நிலவன எடுத்த அன்னிக்குப் புடிச்ச இளைப்பு, இன்னும் அடங்கல" என்றான் எத்திராஜ். தன் ஆட்டோவிலிருந்து நாய் புல்லட்டைத் தூக்கிவந்து மாட்டாஸ்பத்திரி மேஜைமேல் கிடத்திவிட்டு, சட்டையில் ஒட்டிய எச்சிலைத் துடைத்துக்கொண்டான். "நா செத்தா எம் பொண்டாட்டி ஒரே ஒரு பெருமூச்சு வுடுவா. அத்தோட சரி."

செங்கொடி சிரிக்கவில்லை. வெளியே கார்த்திகை மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரிலும் நாய் நாக்கைத் தொங்கவிட்டு, ரயிலைத் துரத்திக்கொண்டு ஓடிவந்ததுபோல் இரைத்தது.

அவள் கணவன் நிலவன் லாரியில் அடிபட்டுச் செத்து மூன்று மாதம். அவன் சைக்கிள் வியாசர்பாடி சந்துக்குள் திரும்பும்போதே ஓடிப்போய் அவன் காலை நக்கும் நாய் இது. இதுவும் போய்விட்டால் அவனைத் தேடுவதற்குத் தன்னைவிட்டால் ஆளில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மடியில் இருந்த மகள் மாயாவுக்கு இரண்டு வயது. வழியில் எத்திராஜ் வாங்கிக்கொடுத்த பன், கடிபடாமல் அவள் கையிலேயே நசுங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் ரேச்சல் நாயின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். "போன வாரத்தைவிட வெளுத்திருக்கே. ராத்திரி தூங்குதா?"

"எங்கம்மா தூங்குது? அவரு வேலைக்குப் போட்டுக்கினு போற சட்டைய விரிச்சாத்தான் படுக்கும். மோந்துகினு, நக்கிகினு கெடக்கும்."

"அந்தச் சட்டையைத் துவைச்சீங்களா?"

"இல்லம்மா." செங்கொடி நாயின் முதுகைத் தடவினாள். "தோச்சா அவரு வாசன பூடும்."

"ரெண்டு சட்டயும் அப்டியே வச்சிகினு கீது, டாக்டரம்மா. எதிர்வூட்டு கன்னியம்மா தெரியாம வாளில முக்கப் போயி, தெருவே கூடிப்போச்சி."

"நீ சும்மா இருண்ணா."

டாக்டர் ஒரு காகிதத்தைப் பிரித்தார். "வெயில்ல இரைக்கும், வலியில இரைக்கும், பயந்தாலும் இரைக்கும். நான் முதல்ல இதயம்னுதான் நெனச்சேன். ஆனா துக்கத்துக்கு ஈறு வெளுக்காது. அதனாலதான் ரத்தம் எடுத்தேன். உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பார்த்தார்?"

"திருவொத்தியூராண்ட ஒரு ஷெட்டுல. பழைய பேட்டரிய ஒடச்சி ஈயம் உருக்குவாங்க."

டாக்டர் காகிதத்தில் ஒரு வரியைச் சுட்டிக் காட்டினார்.

"ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கும்மா. அது ரத்தத்தை ஊறவிடாது. அதான் மூச்சுக்கு இப்படி அடிச்சுக்குது. அவர் உடம்புலயும் துணியிலயும் ஒட்டிவந்த தூசி. நக்க நக்க உள்ள போயிடுச்சு."

செங்கொடிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சாமி மாதிரி மடித்துவைத்த சட்டை. அதிலா விஷம்?

"பொழைக்குமாம்மா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இப்பவாவது கண்டுபிடிச்சோமே. ஊசி போட்டுப் பார்க்கலாம், பொழைக்க வாய்ப்பிருக்கு. ஆனா அந்தச் சட்டைகிட்ட இனிமே விடவே கூடாது."

மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சற்றே இறங்கியதுபோல் இருந்தது. குனிந்து புல்லட்டின் காதோடு முகத்தை வைத்துக்கொண்டாள். "கேட்டியாண்ணா? பொழச்சிக்குமாம்."

"அப்ப ஏக்கம் இல்லியா!" எத்திராஜுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. "மூணு மாசமா இத்த வச்சி நா எம் பொண்டாட்டிய திட்டிக்கினு இருந்தேனே."

டாக்டர் மருந்துக் குப்பியை எடுத்து ஊசியில் ஏற்றத் தொடங்கினார்.

"இன்னிலேர்ந்து நாய்க்கு அத்தக் காட்டவே மாட்டேம்மா" என்றாள் செங்கொடி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பாப்பாவாண்டயே இருக்கட்டும். இதுவும் அப்பன் ஏக்கத்துல சோறு எறங்காம சோந்து கெடக்குது. அந்தச் சட்டைய வாயில வச்சி சப்பினாத்தான் கண்ண மூடுது."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். மடியில் சுருண்டிருந்த மாயாவை அப்போதுதான் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"நாயை எறக்குங்க. கொழந்தைய மேஜைமேல ஒக்கார வைங்க."